பெயர் அனுப்பப்பட்ட பிறகு

2015 பிப்ரவரித் தொடக்கத்தில், கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் பகுதிப் பள்ளி ஒன்றில், மாணவியர் சிலரிடம் காவல்துறை ஆளுக்கொரு கடிதம் கொடுத்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு அவர்களுடைய தோழி ஒருத்தி ஐஎஸ்ஐஎஸ் அமைப்பில் சேர வீட்டைவிட்டு சிரியாவுக்குப் போயிருந்தாள். அவளைப் பற்றி இவர்களிடம் வாக்குமூலம் பெறுவதற்குப் பெற்றோரின் சம்மதம் கேட்கும் கடிதம் அது. பெற்றோருக்கு எழுதிய கடிதம் பிள்ளைகள் கையில் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் அதை வீட்டில் காட்டவில்லை. அந்த மாதம் 17ஆம் தேதி, அரைப்பருவ விடுமுறையின்போது, அவர்களில் மூன்று பேர் காட்விக் விமான நிலையத்திலிருந்து இஸ்தான்புல் போய், அங்கிருந்து சிரிய எல்லையைக் கடந்தார்கள். ஒருத்திக்கு வயது 16. மற்ற இருவருக்கும் 15. பிள்ளைகள் போன பிறகுதான் அவர்களுடைய பொருட்களுக்குள்ளிருந்து அந்தக் கடிதங்கள் பெற்றோருக்குக் கிடைத்தன. மார்ச் மாதம் நாடாளுமன்றக் குழு முன் வந்த லண்டன் காவல் ஆணையர் அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

இந்தச் சம்பவம் குறித்துப் பிறகு எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அந்த மூவரில் ஷமீமா பேகம் என்ற ஒருவரைச் சுற்றியே அமைந்தது. 2019இல் அவர் சிரியாவின் முகாம் ஒன்றில் கண்டறியப்பட்டதும் பிரிட்டன் அவருடைய குடியுரிமையைப் பறித்ததும் பேசப்பட வேண்டியவைதான். ஆனால் எனக்கு அந்தக் கடிதம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. காவல்துறையிடம் ஒரு செய்தி இருந்தது. பள்ளியிடம் அந்தப் பிள்ளைகளின் அன்றாடம் இருந்தது. வீட்டிடம் அவர்கள்மீது உயிரையே வைத்திருந்த மனிதர்கள் இருந்தார்கள். ஒரு மேசையைச் சுற்றி இந்த மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசியிருக்கலாம். உட்காரவில்லை. யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவர்களையே தூதர்களாக்கி அனுப்பினார்கள்.

அந்த மாணவியர் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 12 அன்று, பிரிட்டனில் பயங்கரவாத எதிர்ப்பு மற்றும் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றிருந்தது. அதன் 26ஆம் பிரிவு, மக்கள் பயங்கரவாதத்துக்குள் இழுக்கப்படுவதைத் தடுக்க வேண்டிய தேவையை உரிய அளவில் கருத்தில் கொள்ளும் கடமையைப் பொது நிறுவனங்கள்மேல் சுமத்தியது. 2015 ஜூலை 1 முதல் பள்ளிகளுக்கு அது நடைமுறைக்கு வந்தது. மழலையர் காப்பகங்களுக்கும் விலக்கு இல்லை. எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறவர், பயங்கரவாதத் தடுப்பிலும் பங்கு உள்ளவராகச் சட்டத்தின் கண்ணில் ஆனார்.

இதற்கு நீண்ட முன்கதை உண்டு. 'பிரிவென்ட்' என்ற பெயரில் தடுப்புத் திட்டம் 2003 அளவிலேயே உருவாகத் தொடங்கியது. 2005 ஜூலை 7 அன்று லண்டன் ரயில்களிலும் பேருந்திலும் நடந்த குண்டுவெடிப்புகளில் 52 பேர் கொல்லப்பட்ட பிறகு அது வேகம் பெற்றது. குண்டு வைத்த நால்வரில் மூவர் பிரிட்டனிலேயே வளர்ந்த இரண்டாம் தலைமுறையினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய முகமது சித்திக் கான், லீட்ஸ் நகரத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் துணைநின்று வழிகாட்டும் பணியில் 2004 வரை இருந்தவர். ஆசிரியர்களும் பெற்றோரும் அவரை மதித்தார்கள் என்று அரசின் அறிக்கையே பதிவு செய்கிறது. பள்ளியை முன்னெச்சரிக்கை நிலையமாகக் கருதுகிற யாரும் இந்தத் தகவலை மறந்துவிடக் கூடாது. தினமும் கூடவே வேலை செய்தவர்களுக்கும் அவர் மனதில் ஓடியது தெரியவில்லை.

2011இல் உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மே திட்டத்தைத் திருத்தி அமைத்தார். ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனித சுதந்திரம், பரஸ்பர மரியாதை, பிற நம்பிக்கைகளைச் சகித்தல் ஆகிய 'அடிப்படை பிரிட்டிஷ் விழுமியங்க'ளை வெளிப்படையாகவோ செயல்மூலமாகவோ எதிர்ப்பதே தீவிரவாதம் என்ற வரையறை அப்போது வந்தது. 2014இல் பர்மிங்காமில் ஒரு மொட்டைக் கடிதம் வெளியானது. இசுலாமியப் பிடிவாதக்காரர்கள் அரசுப் பள்ளிகளைக் கைப்பற்றச் சதி செய்வதாக அது சொன்னது. 21 பள்ளிகளில் ஆய்வு நடந்தது. பயங்கரவாதத் தடுப்புக் காவல் பிரிவின் முன்னாள் தலைவரைக் கல்வி அமைச்சர் விசாரணைக்கு அனுப்பினார். கடிதம் போலியானது என்ற கருத்தே பின்னாளில் பரவலாக ஏற்கப்பட்டது. மூத்த ஆசிரியர்கள்மீதான ஒழுங்கு நடவடிக்கை, உரிய ஆதாரங்கள் எதிர்த்தரப்புக்குக் காட்டப்படாததால் 2017இல் கைவிடப்பட்டது. ஆனால் விழுமியங்களைப் பள்ளிகள் முனைந்து வளர்க்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் 2014 நவம்பரிலேயே எல்லாப் பள்ளிகளுக்கும் போய்விட்டது. அந்த ஐந்து விழுமியங்களில் எதையும் நான் மறுக்கமாட்டேன். அவற்றுக்கு 'பிரிட்டிஷ்' என்று முத்திரை குத்தியபோது, பர்மிங்காமில் பிறந்த பாகிஸ்தானிய வம்சாவளிச் சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது வேறொரு செய்தி: இது உன் வீட்டில் கிடைக்காத பொருள், நாங்கள் உனக்குத் தருகிறோம் என்ற செய்தி.

சட்டம் வந்ததும் பயிற்சி வந்தது. சில மணி நேரப் பயிற்சி வகுப்பில் ஆசிரியர்கள் ஆபத்தின் அறிகுறிகளைக் கற்றார்கள். ஒரு பிள்ளையின் பெயர் 'சேனல்' என்ற பலதுறைக் குழுவுக்குப் போனால், அங்கே மதிப்பிடப் பயன்பட்ட சட்டகத்தில் 22 காரணிகள் இருந்தன. அவை சிறையிலிருந்த தண்டனைக் கைதிகளிடம் நடத்திய ஆய்விலிருந்து எடுக்கப்பட்டவை. குற்றம் புரிந்து சிறைக்குப் போனவர்களின் மனநிலையிலிருந்து பெற்ற அளவுகோல், எந்தக் குற்றமும் செய்யாத பள்ளிப் பிள்ளையை அளக்க வந்தது. அந்த ஆதாரங்களை வெளியிட்டுப் பரிசீலனைக்கு உட்படுத்த வேண்டும் என்று பிரிட்டனின் மனநல மருத்துவர் அமைப்பு 2016இல் கேட்டுக்கொண்டது.

விளைவுகள் விரைவிலேயே செய்தித்தாள்களில் வந்தன. லூட்டன் நகரத்து மழலையர் காப்பகத்தில் நான்கு வயதுச் சிறுவன் தன் அப்பா வெள்ளரிக்காய் நறுக்குவதைப் படமாக வரைந்தான். அவன் மழலையில் 'கியூக்கம்பர்' என்று சொன்னது காப்பகத்தாருக்கு 'குக்கர் பாம்' என்று கேட்டது. தீவிரவாதத் தடுப்புத் திட்டத்துக்கு அவன் பெயரை அனுப்புவது பற்றி அவனுடைய தாயிடம் பேசினார்கள். லண்டனில் 14 வயது மாணவன் ஒருவன், பிரெஞ்சு வகுப்பில் சுற்றுச்சூழல் பற்றிய உரையாடலின்போது 'சூழல் பயங்கரவாதி' என்ற சொல்லைப் பயன்படுத்தினான். மரங்களை வெட்டவிடாமல் அவற்றில் ஆணி அடிப்பவர்களைச் சிலர் அப்படி அழைப்பதை அவன் பள்ளியின் விவாத மன்றத்திலேயே கேட்டிருந்தான். சில நாள் கழித்து அவனை வகுப்பிலிருந்து வரவழைத்து, ஐஎஸ்ஐஎஸ் அமைப்போடு தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். அந்த மாணவன் ஒரு முஸ்லிம்.

இவற்றைத் தனிமனிதர்களின் மடமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பெயரை அனுப்பாமல் விட்டு நாளை ஏதாவது நடந்துவிட்டால் பழி தன் தலையில் விழும் என்று அஞ்சும் ஒரு பணியாளரை எண்ணிப் பார்க்கிறேன். பள்ளி ஆய்வாளர்கள் வந்து இந்தக் கடமையை நிறைவேற்றினாயா என்று கேட்பார்கள். சந்தேகம் வந்தும் சும்மா இருந்தது தவறாகலாம். சந்தேகம் வந்து அனுப்பியது ஒருபோதும் தவறாகாது. இப்படி ஓர் ஏற்பாட்டில் நல்ல ஆசிரியரும் பயந்த ஆசிரியராகத்தான் நடந்துகொள்வார். தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கம் 2001 முதல் பிரிட்டனில் தடைசெய்யப்பட்ட ஒன்று. லண்டனின் தமிழ்க் குழந்தை ஒன்று, நவம்பர் இறுதியில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாளில் வீட்டில் கண்ட கார்த்திகைப் பூவையும் சுடரையும் வகுப்பில் வரைந்தால், ஆசிரியர் அதில் எதைப் பார்ப்பார்? இறந்துபோன சித்தப்பாவையா, தடைசெய்யப்பட்ட அமைப்பையா? குழந்தையிடம் கேட்டால் தெரிந்துவிடும். கேட்பதற்கு ஆசிரியருக்கு நேரமும் துணிவும் வேண்டும்.

ஆயினும் இந்தத் திட்டத்தை வெறும் கண்காணிப்பு என்று சொல்லி முடித்துவிட முடியாது. 2016இல் தேசிய ஆசிரியர் சங்க மாநாடு பள்ளிகளுக்கு இது வேண்டாம் என்று வாக்களித்தது உண்மை. அடுத்த ஆண்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் ஆசிரியர்களிடம் நேரில் பேசியபோது, பலர் இந்தக் கடமையைக் குழந்தைப் பாதுகாப்பின் நீட்சியாகவே ஏற்றிருந்ததைக் கண்டார்கள் என்பதும் உண்மை. அதே ஆசிரியர்கள், முஸ்லிம் மாணவர்கள் குறிவைக்கப்பட்டதாக உணர்வார்களோ என்ற கவலையையும் வெளியிட்டார்கள். வன்முறை இயக்கங்கள் பிள்ளைகளைத் தேடி வருகின்றன. வலதுசாரி வெறுப்புக் குழுக்கள் இணைய விளையாட்டுகளின் அரட்டைகள் வழியாகப் பதின்ம வயதினரைப் பிடிக்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு பள்ளி கைகட்டி நிற்க முடியாது.

உண்மையில், மிகக் கொடிய இரண்டு சம்பவங்களில் பள்ளி சும்மா இருக்கவில்லை. 2021 அக்டோபர் 15 அன்று எசெக்ஸில், தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் அமெஸ் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவனை 2014இலேயே அவனுடைய பள்ளி கவனித்திருந்தது. நன்றாகப் படித்தவன், வருகை குறைந்து, போக்கு மாறியதை ஆசிரியர்கள் கண்டு பெயரை அனுப்பினார்கள். அவனோடு பேச அமர்த்தப்பட்டவர் ஒரே ஒருமுறை, மெக்டொனால்ட்ஸ் உணவகம் ஒன்றில் சந்தித்தார். விரைவிலேயே கோப்பு மூடப்பட்டது. மூடியது மிக அவசரம் என்று 2025இல் வெளியான மீளாய்வு சொன்னது.

இரண்டாவது சௌத்போர்ட். 2024 ஜூலை 29 அன்று அங்கே ஒரு நடன வகுப்பில் மூன்று சிறுமியர் கொல்லப்பட்டார்கள். கொன்றவனுக்கு அப்போது 17 வயது. 2019 டிசம்பரில், அவனுக்கு 13 வயதாக இருந்தபோது, பள்ளிக் கணினியில் அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த துப்பாக்கிச் சூடுகளைப் பற்றி அவன் தேடியதைக் கண்டு ஆசிரியர்கள் பெயரை அனுப்பினார்கள். 2021 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மறுபடி அனுப்பினார்கள். மூன்று முறையும் கோப்பு மூடப்பட்டது. தெளிவான சித்தாந்தம் எதுவும் தென்படவில்லை என்பதற்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தரப்பட்டது என்று பின்னர் வந்த மீளாய்வு ஒப்புக்கொண்டது. அவனிடம் கொள்கை இல்லை. கொலையின் மேல் மோகம் இருந்தது. ஆசிரியர்கள் பார்த்தது அந்த மோகத்தை. படிவம் கேட்டது கொள்கையை.

வெள்ளரிக்காயையும் சௌத்போர்ட்டையும் எதிரெதிர் ஆதாரங்களாகக் காட்டுவது வழக்கம். ஒன்று திட்டம் அளவுக்கு மீறியது என்பதற்கு, மற்றது அது போதவில்லை என்பதற்கு. எனக்கோ இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்களாகத் தெரிகின்றன. இரண்டிலும் பள்ளியிடம் கேட்கப்பட்டது ஒன்றுதான்: கண்டால் அனுப்பு. அனுப்பியதோடு பள்ளியின் கடமை முடிந்தது. கோப்பு மேலே போகிறது. ஏற்கப்படுகிறது அல்லது மூடப்படுகிறது. பிள்ளையோ மறுநாள் காலை அதே வகுப்பறையில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவனோடு இனி யார் பேசுவது என்பது யாருடைய கேள்வியாகவும் இல்லை. நான்கு வயதுப் பிள்ளை விஷயத்தில், அனுப்புவதற்கு முன் பேசியிருந்தால் போதும். 13 வயதுப் பிள்ளை விஷயத்தில், அனுப்பிய பிறகும் பேசிக்கொண்டே இருந்திருக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில்.

அரசின் கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. 2025 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் 8,778 பெயர்கள் பிரிவென்ட் திட்டத்துக்கு வந்தன. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கல்வி நிறுவனங்கள் அனுப்பியவை. வயதுவாரியாகப் பார்த்தால் 11 முதல் 15 வரை உள்ளவர்களே அதிகம். வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் எந்தச் சித்தாந்தமும் அடையாளம் காணப்படவில்லை. இதை நான் இப்படி வாசிக்கிறேன்: ஆசிரியர்கள் அனுப்புவது தீவிரவாதிகளை அல்ல, தங்களால் கையாள முடியாத துயரத்தில் இருக்கும் பிள்ளைகளை. குழந்தைகளின் மனநல சிகிச்சைக்கு நீண்ட காத்திருப்பு. 2010க்குப் பிறகு இளையோர் மன்றங்களுக்கும் களப்பணியாளர்களுக்குமான உள்ளாட்சிச் செலவு கடுமையாக வெட்டப்பட்டது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் 16 வயதுக்குமேல் படிப்பைத் தொடர வாரம் 30 பவுண்டுவரை கிடைத்த உதவித்தொகையும் இங்கிலாந்தில் நிறுத்தப்பட்டது. மற்ற கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்ட பிறகு, தட்டினால் நிச்சயம் திறக்கிற ஒரே கதவு பயங்கரவாதத் தடுப்பின் கதவாக இருந்தால், ஆசிரியர் அதைத்தான் தட்டுவார்.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரம் வேறொரு வழியில் முயன்றது. அந்த நாட்டில் பள்ளி, சமூகநலத்துறை, காவல்துறை மூன்றும் இளையோர் குற்றத்தைத் தடுக்கச் சேர்ந்து உட்காரும் மரபு 1970களிலிருந்தே உண்டு. 2013இல் அந்த நகரிலிருந்து சுமார் 30 பேர் சிரியாவுக்குப் போனபோது, நகரம் அந்த மரபின்மேல் தன் திட்டத்தைக் கட்டியது. போனவர்களில் பலர் வழக்கமாகச் செல்லும் பள்ளிவாசலை மூடச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. காவல்துறை அங்கே போய் உட்கார்ந்து பேசியது. குற்றம் செய்யாமல் திரும்பியவர்களுக்குப் படிப்பும் வேலையும் தேட உதவியது. ஆபத்தில் இருந்த இளைஞனுக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்தினால், அவர் மாதக்கணக்கில் அவனோடு தொடர்பில் இருந்தார். அடுத்த ஆண்டில் போனவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அதற்கு இந்தத் திட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. குற்றவாளிகளிடம் மென்மை காட்டுகிறது என்ற விமர்சனமும் அதன்மேல் உண்டு. ஆனால் அங்கே கேள்வி சரியான இடத்தில் எழுந்தது. இந்தப் பிள்ளை யாரிடம் போகப்போகிறான் என்பதோடு, யார் இவன் பக்கத்தில் இருக்கப்போகிறார்கள் என்றும் கேட்டார்கள்.

ஈழத்தின் வரலாற்றை அறிந்த எவருக்கும் இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு கொண்டுவந்த தரப்படுத்தலால், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ் மாணவர்கள் சிங்கள மாணவர்களைவிட அதிகப் புள்ளிகள் பெற வேண்டியிருந்தது. போராட்டத்துக்கு அது ஒன்றே காரணமல்ல. ஆனால் இந்த நாடு உன்னை எண்ணவில்லை என்ற செய்தியை ஒரு தலைமுறை கேட்டது பரீட்சை முடிவுகளின் வழியாகத்தான். தமிழ் மாணவர் பேரவை அந்தக் காலத்தில் எழுந்தது. அதில் இயங்கிய உரும்பிராய்ப் பொன். சிவகுமாரன், காவலர்களிடம் சிக்கும் நிலையில், 1974 ஜூன் 5 அன்று சயனைட் அருந்தி இறந்தார். பின்னாளில் விடுதலைப் புலிகள் இயக்கமும் பள்ளிகளுக்குள் வந்தது. படிக்கிற பிள்ளைகளைக் களத்துக்குக் கொண்டுபோனது. ஒருபுறம் இராணுவம் சீருடைக்குள் எதிரியைத் தேடியது; மறுபுறம் இயக்கம் அதே சீருடைக்குள் வீரனைத் தேடியது. மாணவனை மாணவனாக மட்டும் பார்க்கும் இடம் சுருங்கிக்கொண்டே போனது. பள்ளிக்கூடம் பிள்ளைகளை வன்முறையிலிருந்து காக்க வேண்டும் என்று கேட்கும் அரசு, தன் கல்விக் கொள்கை எந்தப் பிள்ளையைத் தள்ளிவிடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இலங்கையில் அப்படிப் பார்க்காததற்கு நாம் கொடுத்த விலை பெரிது.

பள்ளியின் உண்மையான பலம் விவாதத்தில் இருக்கிறது. வன்முறை இயக்கம் ஓர் இளைஞனுக்குத் தருவது ஐயமற்ற பதில். உன் அவமானத்துக்கு இவன் காரணம், இவனை ஒழித்தால் எல்லாம் சரியாகும் என்ற பதில். வகுப்பறையால் தரக்கூடியது அதற்கு நேரெதிரானது: தான் சொன்னதை ஒருவர் மறுத்தும் தன்னை மதிக்கிறார் என்ற அனுபவம். ஈராக் போர் நியாயமா, இந்த நாட்டின் பேரரசு என்ன செய்தது, காசாவில் நடப்பது என்ன என்று ஒரு மாணவன் கோபத்தோடு கேட்கும்போது, அவனோடு அந்தக் கேள்விக்குள் இறங்குகிற ஆசிரியர் அவனுக்கு ஒரு வழியைத் திறக்கிறார். அரசின் வழிகாட்டுதலும், சிக்கலான விஷயங்களைப் பிள்ளைகள் அச்சமின்றிப் பேசும் இடமாகப் பள்ளி இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஆனால் எதைச் சொன்னால் தன் பெயர் மேலே போகும் என்று தெரியாத பிள்ளை பேசமாட்டான். பள்ளியை அரசின் கண்ணாக மாற்றினால் அது தன் காதை இழந்துவிடும். வகுப்பில் சொல்லப்படாத கேள்வி, இரவில் கைபேசித் திரையில் கேட்கப்படும். அங்கே பதில் சொல்லக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே பள்ளிகளுக்கு இந்தப் பொறுப்பே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. கொலையைப் பற்றி ஓயாமல் தேடும் ஒரு பிள்ளையைக் கண்டால் ஆசிரியர் பிறரை உதவிக்கு அழைக்கத்தான் வேண்டும். உயிர்கள் அதில் இருக்கின்றன. நான் கேட்பது, அழைத்த பிறகும் அந்தப் பிள்ளை பள்ளியின் பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதை. பெயர் போவதற்கு முன்பு, அவசர ஆபத்து இல்லாத இடத்தில், ஆசிரியர் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் நேரில் பேசியிருக்க வேண்டும். பெயர் போன பிறகு, கோப்பு திறந்திருந்தாலும் மூடப்பட்டாலும், அந்தப் பிள்ளையோடு தொடர்ந்து பேசப்போகிறவர் இன்னார் என்று ஒரு மனிதரைச் சுட்ட முடிய வேண்டும். அந்த மனிதருக்கு வகுப்பு நேரம் குறைக்கப்பட வேண்டும், பயிற்சியும் சம்பளமும் தரப்பட வேண்டும், பள்ளிக்குள்ளேயே மனநல ஆலோசகர் ஒருவர் துணையிருக்க வேண்டும். சித்தாந்தம் இருக்கிறதா இல்லையா என்பது அந்த உதவி கிடைப்பதற்கான நிபந்தனையாக இருக்கக் கூடாது.

இதற்குப் பணம் வேண்டும், பல ஆண்டுப் பொறுமை வேண்டும். பலன் எண்ணிக்கையில் தெரியாது. நடக்காமல் போன கொலையை யாரும் கணக்கில் எழுத முடியாது. அதனால்தான் அரசுகள் படிவத்தை விரும்புகின்றன: அனுப்பப்பட்ட பெயர்களை எண்ணிவிடலாம். ஒரு பிள்ளை தன்னை இந்த உலகம் கேட்கிறது என்று உணர்ந்து திரும்பி வந்ததை எண்ண முடியாது. ஆனால் ஆசிரியப் பணியின் பெரும்பகுதி எப்போதுமே எண்ண முடியாததாகத்தான் இருந்திருக்கிறது. அதை நம்பித்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். தன் பாதுகாப்புக்காகப் பள்ளியை நாடும் அரசும் அந்த எண்ண முடியாத பகுதியை நம்பிச் செலவிட முன்வர வேண்டும்.